உறுமும் மோட்டாருக்குக் கண்டென்சர் மாற்றும் முறை

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுழலாமல் உறுமி நின்றால், காயில் போய்விட்டது என்று முடிவு கட்டி மோட்டாரைத் தூக்கிவிடும் விவசாயிகள் பலர். ஒருமுனை மின்சாரத்தில் (சிங்கிள் பேஸ்) ஓடும் சிறு மோட்டார்களில் இக்கோளாறுக்குப் பல சமயங்களில் கண்டென்சரே காரணம். காயில் கட்டும் செலவோடு பார்த்தால் கண்டென்சரின் விலை அற்பம். ஆனால் உறுமும் மோட்டாரை அப்படியே விட்டால் மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்து, நல்ல காயிலும் கருகிவிடும். ஆகவே உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

ஒருமுனை மின்சாரத்துக்கு நிற்கும் மோட்டாரைத் தானாகச் சுழற்றிவிடும் சக்தி இல்லை. அதனால் மோட்டாரினுள் ஓடும் காயில், கிளப்பும் காயில் என இரண்டு வைக்கிறார்கள். கிளப்பும் காயிலுடன் தொடராகச் சேரும் கண்டென்சர், அதில் பாயும் மின்னோட்டத்தைச் சற்று முந்தச் செய்கிறது. இந்த முன்பின் வித்தியாசமே அச்சைத் திருப்புகிறது.

கண்டென்சரில் இரண்டு வகை உண்டு. ஸ்டார்ட்டிங் கண்டென்சர் கிளம்பும் சில வினாடிகள் மட்டும் வேலை செய்வது. தொடர்ந்து இணைப்பில் இருந்தால் சூடேறி வெடிக்கும். ரன்னிங் கண்டென்சர் மோட்டார் ஓடும் வரை இணைப்பில் இருப்பது. அதில் பெரும்பாலும் 440 வோல்ட் என்று குறித்திருக்கும். வீட்டு மின்சாரம் 230 தானே என்று குறைந்த வோல்ட் கண்டென்சரைப் போடக் கூடாது. மோட்டார் ஓடும்போது கண்டென்சரின் இரு முனைகளிடையே வரும் அழுத்தம் 230-ஐயும் தாண்டும்.

மைக்ரோபாரட் அளவு 36 என்று குறித்திருந்தால் 36 தான் வாங்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்த ஊர்களில் பெரிய கண்டென்சர் போட்டு மோட்டாரைக் கிளப்பப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இது காயிலுக்குக் கேடு. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால் கிளம்பும் விசை சுமார் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். அங்கே குறை மின்சாரத்தில்தான். அழுத்தம் ஏறும் வரை காத்திருப்பதே நல்லது.

மாற்றும்போது மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருந்து கையை உதறவைக்கும். இழை பல்பு மாட்டிய ஹோல்டரின் இரு கம்பிகளையும் கண்டென்சரின் முனைகளில் சிறிது நேரம் வைத்தால் அது இறங்கிவிடும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது மெக்கானிக்குகளே செய்யும் தவறு.

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரிலிருந்து மூன்று கம்பிகள் மேலே வரும். நிறத்தை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியிலிருந்து மூன்றையும் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாகப் பார்த்தால் 3, 7, 10 என்பதுபோல் மூன்று அளவுகள் கிடைக்கும். 10 காட்டிய ஜோடியில் சேராத கம்பியே பொதுக் கம்பி. அதிலிருந்து 3 காட்டுவது ஓடும் காயில், 7 காட்டுவது கிளப்பும் காயில். நியூட்ரலைப் பொதுக் கம்பிக்கும், பேஸை நேராக ஓடும் காயிலுக்கும் கொடுத்து, அதே பேஸிலிருந்து கண்டென்சர் வழியாகக் கிளப்பும் காயிலுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த இரு காயில்களும் இடம் மாறிவிட்டால் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் எதிர்ப்புறமாகச் சுழலும். தண்ணீர் பெயருக்கு வரும், கிளப்பும் காயில் சூடேறும். கண்டென்சர் மாற்றிய பின் தண்ணீர் குறைந்தால் கிணற்றைக் குறை சொல்லுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

சரியான கண்டென்சர் போட்டு, மின்னழுத்தமும் சரியாக இருந்து, இன்னும் உறுமினால் பம்பு மணலில் இறுகியிருக்கலாம், அல்லது காயிலே போயிருக்கலாம். அப்போதுதான் மோட்டாரை மேலே தூக்க வேண்டும்.