சொந்தமா ஆன்லைன் கடை போடலாமா? சாஃப்ட்வேர் இலவசம்... சர்வரில் ஏற்றும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டருக்கும் கடைகள்தான். ருத்ராட்சம், விபூதி, சாமி படம், ஜவ்வாது மலைத் தேன், சாமை அரிசி என்று வியாபாரம் களைகட்டும். பெங்களூரில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வந்தவர்கள் பொருளோடு விசிட்டிங் கார்டையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது: "அண்ணா, அதே தேன் இன்னும் ரெண்டு பாட்டில் கூரியர் பண்ண முடியுமா?"

மாதம் ஐந்து ஆர்டர் என்றால் வாட்ஸ்அப்பே போதும். கார்த்திகை தீப மாதத்தில் ஐம்பது ஆர்டர் வந்தால்? யார் பணம் போட்டார்கள், யாருக்கு அனுப்பியாச்சு என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். பெரிய ஷாப்பிங் தளங்களில் சேரலாம். ஆனால் கமிஷன் கட்ட வேண்டும். வாங்கியவரின் தொடர்பும் பெரும்பாலும் கடைக்காரர் கைக்கு வராது. அதனால்தான் ஆரணிப் பட்டு விற்பவர் முதல் ஊதுபத்தி விற்பவர் வரை, "நமக்கே ஒரு வெப்சைட் போட்டுட்டா என்ன?" என்று கேட்கிறார்கள்.

போடலாம். ஆனால் அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாடகைக் கடையா, சொந்தக் கட்டடமா?

ஆன்லைன் கடைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஷாப்பிஃபை, நம்ம ஊர் ஜோஹோ காமர்ஸ் போன்றவை முதல் வகை. மாத வாடகை கட்டினால் போதும். சர்வர், பூட்டு, காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேரடி வீதியில் ரெடியாக இருக்கும் கடையை வாடகைக்குப் பிடிப்பது மாதிரி.

இரண்டாவது வகை, சாஃப்ட்வேரை நாமே எடுத்து நம் சர்வரில் ஏற்றிக்கொள்வது. வேர்ட்பிரஸ்ஸோடு சேர்ந்து ஓடும் வூகாமர்ஸ் 2011-ல் வந்தது. ஓப்பன்கார்ட், பிரெஸ்டாஷாப், மஜென்டோ ஆகியவையும் இந்த வகைதான். அடிப்படை சாஃப்ட்வேருக்குக் காசு கிடையாது. ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் மட்டும் செலவு. கடை முழுக்க உங்களுடையது. பூட்டைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

இதில் முதல் பூட்டு டொமைன். வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரிலேயே டொமைனையும் ஹோஸ்டிங்கையும் வாங்கிவிடுவது இங்கே சர்வசாதாரணம். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடையே கைவிட்டுப் போகும். எனவே, இரண்டையும் உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் வாங்குங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது என்ன நடக்கிறது?

வேலை ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. சர்வரில் பிஹெச்பி என்ற நிரல்மொழியும், மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற டேட்டாபேஸும் இருக்க வேண்டும். காலியான டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பிறகு சாஃப்ட்வேர் ஃபைல்களை சர்வரில் ஏற்றி, பிரவுசரில் உங்கள் முகவரியைத் திறந்தால் இன்ஸ்டால் பக்கம் வரும். டேட்டாபேஸ் விவரத்தைக் கேட்கும், அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதையெல்லாம் ஒரே பட்டனில் முடித்துக் கொடுக்கின்றன.

டேட்டாபேஸ் உருவாக்கும்போது எழுத்து வகையை 'யுடிஎஃப்8எம்பி4' என்று வைப்பது முக்கியம். பழைய 'லத்தீன்' அமைப்பில் இருந்தால் பொருளின் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும்.

தமிழில் கடை போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம். தமிழின் ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு கொம்பும், புள்ளியும் அங்கே 9 எழுத்தாக மாறி உட்காரும். 'ஆரணி கைத்தறிப் பட்டுப்புடவை' என்று பெயர் வைத்தால், முகவரி 'பட்டுப்பு' என்பதோடு நின்றுவிடும். புடவையில் பாதியைக் காணோம்! முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. பொருளின் பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

"மீதியை நாளைக்குப் பார்க்கலாம்" - இங்கேதான் ஆபத்து

ஃபைல்களை ஏற்றியாச்சு, இன்ஸ்டால் பக்கமும் வந்தாச்சு. ராத்திரி ஆகிவிட்டது, காலையில் முடிக்கலாம் என்று லேப்டாப்பை மூடிவிடுகிறோம். அந்தப் பக்கத்தை முதலில் பூர்த்தி செய்பவர்தான் கடையின் அட்மின். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

புதுசா போட்ட சைட் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கலாம். தெரியும். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் வருவதற்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குகிறோம் அல்லவா? லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இதை இலவசமாகவே தருகின்றன. அப்படி வழங்கப்படும் சான்றிதழ்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அந்தப் பதிவேட்டைக் கண்காணித்து, பாதியில் நிற்கும் வேர்ட்பிரஸ் தளங்களைப் பிடிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. 2017-லேயே வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், முடிக்காமல் விடப்பட்ட இன்ஸ்டால் பக்கங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடப்பதாக எச்சரித்தது. ஆரம்பித்தால் ஒரே உட்காரலில் முடித்துவிட வேண்டும்.

முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஓப்பன்கார்ட், பிரெஸ்டாஷாப் இரண்டிலும் 'இன்ஸ்டால்' என்ற ஃபோல்டரை நீக்கச் சொல்வார்கள். பிரெஸ்டாஷாப் கொஞ்சம் கறார்: அதை நீக்காமல் நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே விடாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் 'கான்ஃபிக்' ஃபைலை யார் வேண்டுமானாலும் மாற்றும்படி 777 என்ற அனுமதியில் விட்டுவைக்கவும் கூடாது. வீடியோ பார்த்து செய்பவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "777 போடுங்க, எரர் போயிடும்" என்பார்கள். எரர் போய்விடும், பாதுகாப்பும் கூடவே போய்விடும்.

பணம் வந்தது, ஆர்டர் எங்கே?

யுபிஐ-யிலும் கார்டிலும் பணம் வாங்க பேமென்ட் கேட்வே வேண்டும். அவர்கள் பான், வங்கிக் கணக்கு விவரங்களோடு உங்கள் தளத்தையும் பார்ப்பார்கள். முகவரி, ரீஃபண்ட் விதி, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்கள் இல்லை என்றால் அனுமதி இழுத்தடிக்கும். வாடிக்கையாளரின் கார்டு எண்ணை உங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளவே கூடாது. கார்டு வழங்கும் வங்கிகளும் கார்டு நெட்வொர்க்குகளும் தவிர வேறு யாரும் அதைச் சேமிக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது.

அடிக்கடி வரும் புகார் ஒன்று: வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விட்டது, கடையில் ஆர்டர் 'பெண்டிங்' என்று நிற்கிறது. பணம் கிடைத்ததும் கேட்வே உங்கள் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். 'வெப்ஹுக்' என்பார்கள். அதைச் சரியாக இணைக்காவிட்டால் கடைக்கு விஷயமே தெரியாது. ஆர்டர் மெயில்கள் ஸ்பேமில் விழுவதும் இதே மாதிரிதான். சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பாமல், எஸ்எம்டிபி வழியாக முறையான மெயில் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும்.

சைட் வேகமாக இருக்க 'கேஷ்' போடுவது நல்லதுதான். ஆனால் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்களுக்கு அது கூடாது. போட்டால், ஒருவர் கூடையில் வைத்ததும் அவரது முகவரியும் இன்னொருவருக்குத் தெரியும் நிலைமை வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெங்களூருக்கு முதல் பார்சல் போடும் முன் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேன், சாமை போன்ற உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, கடையின் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலரின் தொடர்பு எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

திறந்த பிறகு மறந்துவிட்டால்?

மஜென்டோவின் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30-ம் தேதியோடு அப்டேட் நிறுத்தப்பட்டது. பலர் மாறாமல் அப்படியே ஓட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில் கிட்டத்தட்ட 2,000 மஜென்டோ கடைகள் ஹேக் செய்யப்பட்டன. பெரும்பாலானவை அந்தப் பழைய பதிப்பில் ஓடியவை. பணம் கட்டும் பக்கத்தில் திருட்டு நிரலைச் சொருகி, வாங்குபவர் டைப் செய்யும் கார்டு விவரத்தை அப்படியே சுருட்டினார்கள்.

அப்டேட் அவசியம். அதற்காக தீபத்துக்கு முந்தைய நாள் உட்கார்ந்து செய்யக் கூடாது. கூட்டம் வராத வாரமாகப் பார்த்து, முதலில் பேக்அப் எடுத்து, நகல் தளம் ஒன்றில் சோதித்து, பிறகு உண்மையான கடையில் செய்ய வேண்டும். பேக்அப் அதே சர்வரில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. சர்வர் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன், டெஸ்ட் மோடை லைவ் மோடுக்கு மாற்றியாச்சா என்று பாருங்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு, வேறொருவர் போனிலிருந்து நிஜமாகவே வாங்கச் சொல்லுங்கள். மெயில் வருகிறதா, ஸ்டாக் ஒன்று குறைகிறதா, கேன்சல் செய்தால் அந்த ஒரு ரூபாய் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகு கடையைத் திறக்கலாம்.