பட்டறிந்த காப்பும் பயிற்றுவித்த காப்பும்

"அம்மை ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை வாராது, பின்னர் ஊசி எதற்கு?" என வினவுவோர் நம்மிடையே உண்டு. இவ்வினாவின் முற்பகுதி உண்மையே. பிற்பகுதி பொருந்துமா என்பதைத் தட்டம்மையைச் சான்றாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என விளக்கிச் சற்றொப்ப 1,100 ஆண்டுகளுக்கு முன்னரே நூல் யாத்தவர் பாரசீக மருத்துவப் பேரறிஞர் அல்-ராஸி. தட்டம்மை தரும் காப்பின் நீட்சியை நேரில் ஆராய்ந்தவர் டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும். 1846இல் ஃபேரோ தீவுகளின் ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது. 1781இல் அதனைக் கண்டு பிழைத்திருந்த முதியோரையோ அது தீண்டவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் உடல் தன் பகையை மறக்கவில்லை!

நோய்க்கிருமி புகுந்ததும் நம் குருதியின் வெள்ளணுக்கள் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. நோய் தணிந்த பின்னும் அவற்றுட் சில நினைவணுக்களாக எஞ்சி நின்று, அதே கிருமி மீண்டும் வரின் விரைந்து எழுகின்றன. வலுக்குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டு இதே பயிற்சியை அளிப்பதே 1963 முதல் வழங்கப்பெறும் தட்டம்மைத் தடுப்பூசி.

ஒப்புநோக்கின், நோயால் விளையும் எதிர்ப்பொருளின் அளவு பொதுவாக மிகுதி. இரு தவணை ஊசியோ நூற்றுவருள் ஏறத்தாழ 97 பேரைக் காக்கின்றது. இவ்வளவில் நோயே மேல் எனத் தோன்றலாம். ஆயின் அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? தட்டம்மை நுரையீரல் அழற்சியால் உயிரைப் பறிக்கலாம். ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒருவருக்கு மூளையழற்சியும் நேர்கின்றது. பிழைத்தோர்க்கும் இழப்பு உண்டு. நெதர்லாந்தில் ஊசி பெறாத 77 குழந்தைகளை நோய்க்கு முன்னும் பின்னும் ஆராய்ந்த முடிவு 2019இல் வெளியாயிற்று. பிற நோய்களுக்கெதிராக அவர்கள் முன்னர் ஈட்டியிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்திருந்தன. ஒரு பாடம் கற்பிக்க வந்த ஆசிரியர், மாணவன் முன்பு கற்றவற்றை மறக்கச் செய்து போவது போன்றது இது. ஊசி பெற்ற குழந்தைகளிடம் இவ்விழப்புக் காணப்படவில்லை.

எல்லா நோயும் காப்பளிக்கும் என்பதும் இல்லை. ரணஜன்னி கண்டு பிழைத்தவர்க்கும் அது மீண்டும் வரலாம். உயிர்கொல்லும் அந்நஞ்சின் அளவு, உடலை விழிப்புறுத்தக்கூடப் போதாத அளவுக்குச் சிறிது. அங்கு ஊசியே காப்பு.

"மறுமுறை வாராது" என இன்று நம்மிடம் சான்று பகர்வோர் முதன்முறை பிழைத்தவர்களே. பிழையாதார் சான்று கூற வருவதில்லை. ஆதலின் ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு தவணை, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் மறு தவணை எனக் குழந்தைகளுக்குத் தவறாது ஊசியிடுவிப்பதும், அதனை அறியாதார்க்கு எடுத்துரைப்பதும் கற்றோராகிய நம் கடனாகும்.