வழிகாட்டும் நாய்கள்

பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் 1931ஆம் ஆண்டு வாலசி நகரில் பயிற்சி முடித்தன. இன்று குட்டிகள் தொண்டர் இல்லங்களில் ஓராண்டளவு வளர்ந்த பின்னரே முறையான பயிற்சிக்குச் செல்கின்றன. பின்னர் ஒருவரின் நடைவேகம், உயரம், வாழ்விடம், அன்றாடப் பயணங்கள் ஆகியவற்றை ஆராய்ந்தே அவருக்கேற்ற நாயைத் தெரிவு செய்கின்றனர்.

வழியறிந்து கட்டளையிடுபவர் உரிமையாளரே. தடைகளை விலக்கி அவரை நடத்துவது நாயின் கடமை. "முன்னே செல்" எனப் பணித்தாலும், வாகனம் வருமாயின் அது நகராது. கீழ்ப்படியாமையும் இங்கே உயிர்காக்கும் பண்பாகின்றது.

சேணம் பூண்ட நாயை நாம் தடவினால் அதன் கவனம் சிதறும், இடர் உரிமையாளருக்கே. கடைவாசலில் அதனைத் தடுப்பது பொதுவாக 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திற்கு முரணாகும். நாய்க்கு அஞ்சி ஒதுங்கும் வழக்கமுடைய நாம், இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோமாக.