தூண்களுக்கு நடுவே ஒரு தேசிய நீர்வழி

ஒரு கால்வாயில் படகு ஓடுமா என்பதை அதன் ஆழமும் அகலமும் முடிவு செய்கின்றன. அந்தப் போக்குவரத்தை ஆளும் உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகக்கூடும் என்பதற்குச் சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பவர் எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிய இந்த உப்புநீர்க் கால்வாய், பின்னர் அரசின் கைக்கு வந்து, வடக்கே ஆந்திரக் கடலோரமாகவும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, ஏறத்தாழ 420 கி.மீ. தொலைவை எட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதி, 1876-78 பெரும் பஞ்சத்தின்போது பட்டினியில் வாடியவர்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கும் நிலைத்தது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் நகருக்குள் வந்துபோன அக்காலத்தில், படகுக்கு உரிமம் வழங்குவதையும் சுங்கம் வசூலிப்பதையும் 1890-ஆம் ஆண்டின் கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம் முறைப்படுத்தியது.

1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் ரயிலும் சரக்கைப் பறித்துக்கொண்டன. நகரப் பகுதிக்கு இறுதி அடியாக வந்தது பறக்கும் ரயில் திட்டம். 1997-இல் திருமயிலை வரை எட்டிய அந்தப் பாதையின் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே நடப்பட்டன. திருமயிலை நிலையத்தின் பெருங்கட்டடம் கால்வாயின் மேலேயே எழுந்து நிற்க, அதன் அடியில் சாக்கடை நீர் தூண்களுக்கிடையே நகர்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் நாடாளுமன்றம் 2008-இல் ஒரு சட்டம் இயற்றி, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான, பக்கிங்காம் உள்ளிட்ட கால்வாய்களையும், கழுவெளி ஏரியையும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து 4-ஆம் எண் தேசிய நீர்வழியாக அறிவித்தது. 111 நீர்வழிகளை ஒரே பட்டியலில் கொண்டுவந்த 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டமும் அதைத் தக்கவைத்துக்கொண்டது.

இந்த அறிவிப்பால் மாறுவது என்ன? அரசமைப்புச் சட்டத்தின்படி உள்நாட்டு நீர்வழிகள் பொதுவாக மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. நாடாளுமன்றம் ஒரு நீர்வழியைத் தேசிய நீர்வழி என்று சட்டத்தால் அறிவித்துவிட்டால், அதில் இயந்திரப் படகுகளின் போக்குவரத்து மட்டும், மத்தியப் பட்டியலின் 24-ஆம் இனத்தின் கீழ், மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருகிறது. தண்ணீர், பாசனம், வடிகால், கரைகள் ஆகியவை மாநிலத்திடமே இருக்கின்றன. 1985-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம், படகு செல்லத் தடையாக இருப்பவற்றை அகற்றவும், படுகையில் குப்பை கொட்டுவதைக் கட்டுப்படுத்தவும் அதிகாரம் உடையது. ஆனால் அதிகாரம் உண்டு என்பதால் ரயில் தூணைப் பிடுங்கிவிட முடியாது. குப்பை கொட்டுவதும் நின்றபாடில்லை. இந்த ஆணையம் 4-ஆம் நீர்வழியில் தொடக்க வேலைகளுக்குத் தேர்ந்தெடுத்ததும் கிருஷ்ணா ஆற்றின் முக்த்யாலா–விஜயவாடா பகுதியையே.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று உண்டு. அங்கே கப்பல் போக்குவரத்துக்குரியது என்ற தகுதி ஒரு நீர்நிலைக்கு இருந்தால், அதன் மீது பாலம் கட்டவும் அதைத் தூர்க்கவும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆகவே நகரங்களில் பயனற்றுப்போன ஓடைகளையும் கால்வாய்ப் பகுதிகளையும் போக்குவரத்துக்கு உரியவை அல்ல என்று நாடாளுமன்றமே தனித்தனிச் சட்டங்களால் அறிவித்துவிடுகிறது.

சென்னைக்கும் அத்தகைய நேர்மை தேவைப்படுகிறது. பறக்கும் ரயில் இருக்கும்வரை நகரின் நடுப்பகுதியில் சரக்குப் படகு ஓடப்போவதில்லை. எனவே அப்பகுதியை மட்டும் திருத்தச் சட்டத்தால் பட்டியலிலிருந்து நீக்கி, மழைக்காலத்தில் அது இன்றும் செய்துவரும் வெள்ள வடிகால் பணிக்கு ஏற்ற அகலத்தையும் பாதுகாப்பையும் மாநிலச் சட்டத்தால் உறுதிப்படுத்துவதே முறை.