தூசி உறிஞ்சியின் தூரிகை உருளை

கம்பள இழைகளுக்கிடையே புதைந்த மணலை வெறும் உறிஞ்சு விசை கிளப்பாது. அதைத் தட்டி எழுப்புவதே தூரிகை உருளையின் பணி. அமெரிக்க நாட்டின் ஒஹாயோ மாநிலத்தில் கடையொன்றைத் துப்புரவு செய்து வந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், சுழல் தூரிகையையும் மின்விசிறியையும் இணைத்த கருவிக்கு 1908-இல் காப்புரிமை பெற்றார். தூசியால் ஆஸ்துமா மிகுந்து துன்புற்றவர் அவர்.

திருவனந்தபுரத்து வீடுகளில் நிலைமை சற்று வேறு. தரை பெரும்பாலும் ஓடு அல்லது மொசைக். வாயிலில் தென்னை நார் மிதியடி. வழவழப்பான தரையில் சுழலும் உருளை மணலை உறிஞ்சுவாய்க்குக் கொடாது எற்றி வீசும். ஆதலின் அங்கு உருளையை நிறுத்திவிடுவதே முறை. மிதியடியின் மீது ஓட்டினாலோ நார் பிரிந்து உருளையிற் சுற்றிக்கொள்ளும்; அதனை வெளியே கொண்டுபோய்த் தட்டுவதே மேல்.

நாரும் தலைமயிரும் நூலும் உருளையின் முனைகளுக்கு நகர்ந்து பேரிங்கினுள் புகுகின்றன. உராய்வால் வெப்பம் ஏறுகிறது. பெல்ட் வழுக்கித் தேய்கிறது. பிளாஸ்டிக் முனை உருகுவதும் உண்டு. மோட்டார் கெட்டதென்று ஒதுக்கப்படும் கருவிக்குச் சில வேளை வேண்டுவது ஒரு கத்தரிக்கோலே! முதலில் மின்னிணைப்பை நீக்கி, உருளையைக் கழற்றி, தூரிகை வரிசையை ஒட்டிச் சிக்கலை வெட்டி எடுத்தல் வேண்டும். முனை மூடிகளைத் திறந்து பார்க்கப் பலரும் மறந்துவிடுகின்றனர். கையாற் சுழற்றினால் உருளை தடையின்றி ஓட வேண்டும். இடவப்பாதி மழைக்காலத்தில் கழுவிய உருளை எளிதில் உலராது. ஈரத்துடன் பூட்டினால் பேரிங் துருவேறும்.