பூஜ்ஜியம் காட்டும் மீட்டர்

பாதாள சாக்கடையின் மூடியைத் திறந்து, மேலே நின்றபடியே குழாயை உள்ளே விட்டு, கேஸ் மீட்டரால் காற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற இடத்தில் 0 தெரிகிறது. உள்ளே அந்த வாயு இல்லாமல் இருக்கலாம். மீட்டரின் சென்சார் செத்துப் போயிருக்கலாம். இரண்டுக்கும் திரை காட்டுவது அதே 0தான்.

கையடக்கமான இந்த மீட்டரில் வழக்கமாக நான்கு சென்சார்கள் இருக்கும்: ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜன் சென்சார் ஓரளவு நேர்மையானது. பரவலாகப் பயன்படும் வகையில் உள்ளிருக்கும் ஈயம் கரையக் கரைய மின்னோட்டம் குறையும், 20.9 சதவீதம் காட்ட வேண்டியது 19.5க்குக் கீழே இறங்கியதும் அலாரம் அடித்துவிடும். சாகும்போதும் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் அப்படியல்ல. வாயு பட்டால்தான் அதில் மின்னோட்டம் பிறக்கும். உள்ளிருக்கும் திரவம் வறண்டாலும், முகப்பு வடிகட்டியைச் சேறு அடைத்தாலும் மின்னோட்டம் வராது, அலாரமும் வராது. மீத்தேனைக் கண்டறியும் சென்சாரில் பிளாட்டினம் கம்பியைச் சுற்றிய வினையூக்கி மணி ஒன்று உண்டு. வாயு அதன்மேல் சுடரில்லாமல் எரிய, மணி சூடாகி மின்தடை கூடும். காரின் டேஷ்போர்டுக்குப் பூசும் சிலிக்கோன் பாலிஷின் ஆவி பட்டாலே அந்த மணி நிரந்தரமாக மழுங்கிவிடும்.

மூக்கை நம்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துவிடும். 500ஐத் தாண்டினால் ஆள் சுருண்டு விழுவார். தூர்வாருமுன் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவை மட்டுமே சொல்லும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அந்த விளக்கே வெடிக்குத் திரியாகும்.

ஆகவே மீட்டரைத்தான் சோதிக்க வேண்டும். தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது போல, அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துப் பார்ப்பதுதான் காலிபரேஷன். முதலில் சுத்தமான காற்றில் பூஜ்ஜியத்தைப் பதிக்க வேண்டும். தவறு அதிகம் நேரக்கூடிய இடம் இதுதான். எஞ்சின் ஓடும் கழிவுநீர் லாரிக்குப் பக்கத்தில் நின்று பதித்தால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையே மீட்டர் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். பிறகு உள்ளே இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும்.

அடுத்தது சிலிண்டர். பரவலாகப் புழங்கும் கலவையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 25 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், மீத்தேன் 2.5 சதவீதம், ஆக்சிஜன் 18 சதவீதம், மீதி நைட்ரஜன். ரெகுலேட்டர் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் விடும். 25 வர வேண்டிய இடத்தில் 19 வந்தால், அந்த வித்தியாசத்தை மீட்டர் கணக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்தவே முடியாத அளவுக்குச் சென்சார் தளர்ந்திருந்தால் காலிபரேஷன் தோல்வி என்று காட்டும். மாற்றியே ஆக வேண்டும். சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு. இன்னொன்று: மீத்தேனை வைத்துத் திருத்திய மீட்டர் பெட்ரோல் ஆவியை ஏறக்குறைய பாதியாகவே காட்டும்.

முழு காலிபரேஷன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் போதும். ஆனால் தினமும், வேலைக்கு முன், அதே வாயுவைச் சில விநாடிகள் ஊதி அலாரம் அடிக்கிறதா என்று பார்க்கும் பம்ப் டெஸ்ட்டைத் தவிர்க்கக் கூடாது. மீட்டர் கீழே விழுந்தாலும் செய்ய வேண்டும்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் கேஸ் மீட்டரையும் சேர்த்திருக்கின்றன. அது போதாது என்பேன். மீட்டர் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் காலிபரேஷன் சிலிண்டரும், மாற்றுச் சென்சாரும், அன்றன்றைய பம்ப் டெஸ்ட்டைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திடும் பதிவேடும் இடம்பெற வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை, குழிக்கு அருகில் வேலை செய்பவருக்கே முதலில் இருக்க வேண்டும்.