எடை குறைக்கும் ஊசியும் டாக்டரிடம் கேட்க வேண்டியவையும்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இரயில் பாதையில், கோலார் தங்க வயலின் எல்லைக்குள் அமைந்துள்ளது கோரமண்டல். சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் இவ்வட்டாரத்தின் உழைப்பு பெரும்பாலும் பூமிக்கு அடியில் நிகழ்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அங்கு கடும் வெப்பத்தில் பாறையைத் துளைத்தும் உடைத்தும் பாடுபட்ட தொழிலாளர்க்கு உடற்பயிற்சி வேறு தேவைப்படவில்லை. 2001-ம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தொழிலாளரின் மக்களிலும் பேரரிலும் ஏராளமானோர் இன்று விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். போகவர இரயிலில் மூன்று, நான்கு மணி நேரம் அமர்ந்திருத்தல்; வேலையிடத்திலும் பலர்க்கு அமர்ந்தே பணி. தந்தை உண்ட சோற்றின் அளவை மகனும் உண்கிறான்; அதைச் செலவிடும் உழைப்புத்தான் மாறிவிட்டது.

இம்மாற்றம் தங்க வயலுக்கு மட்டும் உரியதன்று. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24 சதவிகிதத்தினர் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். ஆண்களிலும் ஏறக்குறைய அதே அளவினர் அவ்வாறுள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நீரிழிவு உடையோர் தொகையை 10 கோடிக்குச் சற்று மேலாக மதிப்பிட்டது. இந்நிலையில், வாரம் ஒரு முறை போட்டுக்கொண்டால் எடை குறையும் என்று சொல்லப்படும் ஊசி மருந்தைப் பற்றிய பேச்சு ஊருக்கு ஊர் பரவியுள்ளது. சுகாதாரப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும், டாக்டரைக் காணுமுன்பே மக்கள் கேட்டுவிடும் கேள்வி அது: "அந்த ஊசி போடலாமா?"

மருந்தின் வரலாறு சுவையானது. குளுக்கோசை வாய்வழி உட்கொண்டால் சுரக்கும் இன்சுலின், அதே அளவு குளுக்கோசை இரத்தக் குழாயில் செலுத்தினால் சுரப்பதைவிட மிகுதி என்பது 1960-களில் கண்டறியப்பட்டது. ஆகவே உணவு வந்ததைக் குடல் கணையத்துக்கு அறிவிக்கிறது என்பது புலனாயிற்று. அவ்வாறு அறிவிக்கும் ஹார்மோன்களுள் ஒன்று ஜி.எல்.பி.-1. இஃது இன்சுலினைத் தூண்டுவதோடு, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைத் தணிக்கிறது. மூளையில் பசியுணர்வையும் அடக்குகிறது. ஆயினும் உடலில் இயற்கையாகச் சுரக்கும் இப்பொருள் இரண்டொரு நிமிடங்களில் சிதைந்துபோவதால், அதனை அப்படியே மருந்தாக்க இயலவில்லை.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் கீலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில், இந்த ஹார்மோனைப் போலவே செயற்பட்டு, அதைவிட நெடுநேரம் சிதையாது நிற்கும் பொருளொன்றை ஜான் எங் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு 1992-ல் வெளியிட்டார். அதனை அடியொற்றிய முதல் மருந்து 2005-ல் அமெரிக்காவில் நீரிழிவுக்கு ஒப்புதல் பெற்றது. பின்னர், மனித ஹார்மோனின் அமைப்பிலேயே சிறு மாற்றம் செய்து, கொழுப்பமிலச் சங்கிலியொன்றை இணைத்து, இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு நிலைக்குமாறு செய்தனர். இவ்வகையில் உருவான செமாக்ளூடைடு, உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஓர் ஊசி போதுமானது இதனாலேதான். டிர்செபடைடு என்னும் மற்றொரு மருந்து, குடலின் இரு ஹார்மோன்களைப் போல ஒருங்கே செயற்படுகிறது. ஜி.எல்.பி.-1 பற்றிய ஆராய்ச்சிக்காக ஜோயல் ஹேபனர், லோட்டே பியேர்ரே நூட்சன், ஸ்வெத்லானா மொய்சோவ் ஆகிய மூவர்க்கும் 2024-ல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

பயன் எவ்வளவு? நீரிழிவு இல்லாத 1,961 பேரைக் கொண்டு நடந்து 2021-ல் வெளியான சோதனையில், 68 வாரங்களில் செமாக்ளூடைடு பெற்றோர் சராசரியாகத் தம் எடையில் 14.9 சதவிகிதம் இழந்தனர். மருந்தில்லா ஊசி பெற்றோர் இழந்தது 2.4 சதவிகிதமே. நீரிழிவு உடையோரிடம் நடந்த இணைச் சோதனையில் குறைவு 9.6 சதவிகிதந்தான். விளம்பரத்தில் காணும் பெரிய எண் தமக்கும் பொருந்தும் என்று நீரிழிவாளர் எண்ணிவிடலாகாது. டிர்செபடைடின் உயர்ந்த அளவைப் பெற்ற நீரிழிவில்லாதோர் 72 வாரங்களில் ஐந்தில் ஒரு பங்கு எடை இழந்தனர். அன்றியும், ஏற்கெனவே இதய நோயுடைய 17,604 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவிகிதம் குறைந்தன. ஆகவே இஃது அழகுக்கான மருந்து என்று ஒதுக்கத்தக்கதன்று, உண்மையான மருந்து. உண்மையான மருந்துக்குரிய எச்சரிக்கையும் இதற்கு வேண்டும்.

எடைக் குறைப்பிற்கும் பயன்படும் டிர்செபடைடு, மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. செமாக்ளூடைடு, வீகோவி என்ற பெயரில் அவ்வாண்டு ஜூனில் வந்தது. மௌஞ்சாரோவின் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய் என அறிமுக விலை வைக்கப்பட்டது. வாரம் ஒரு குப்பி வேண்டும். எனவே அவ்விலைப்படி மாதத்துக்கு 14,000 முதல் 17,500 ரூபாய். ஓராண்டுக்கு இரண்டு இலட்சத்தை எட்டும். செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் இருந்த காப்புரிமையின் காலம் 2026 மார்ச்சு வரையிலானது. காப்புரிமை நீங்கியபின் பல கம்பெனிகள் ஒரே மருந்தைச் செய்வதும் விலை இறங்குவதும் இயல்பு. விலை இறங்கினும், தனியார் டாக்டரின் சீட்டைக் கொண்டு கைப்பணம் கொடுத்து வாங்குவோர்க்கு, முதல் மாதச் செலவைக் காட்டிலும் பன்னிரண்டாம் மாதச் செலவே கருதத்தக்கது.

கோரமண்டலில் வாழும் நாற்பத்தைந்து வயதினர் ஒருவர் இராபர்ட்சன்பேட்டையிலோ பெங்களூரிலோ டாக்டரைக் காணச் செல்வதாகக் கொள்வோம். உயரம் 165 சென்டிமீட்டர். எடை 82 கிலோ. எடையை, மீட்டரில் கூறிய உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 30.1 வருகிறது. இதுவே உடல் நிறைக் குறியீட்டெண். இந்தியரிடம் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றுவதால், நம் டாக்டர்கள் 23-க்கு மேல் மிகை எடை என்றும், 25-க்கு மேல் பருமன் என்றும் கொள்வர். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுதல் மற்றோர் அடையாளம். ஆனால் இவ்வூசி மருந்துகள் 30-க்கு மேற்பட்டவர்க்கும், 27-க்கு மேற்பட்டு இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற துணைநோய் உடையவர்க்குமே உரியவை. ஆகவே 26 என்ற எண்ணுடைய ஒருவரிடம், "உமக்குப் பருமன் உண்டு; ஆயினும் இந்த ஊசி வேண்டாம்" என்று டாக்டர் கூறினால் அதில் முரண்பாடில்லை. பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் மறுக்கிறாரே என்று வருந்தி, கேளாமல் கொடுக்கும் கடையைத் தேடிப் போவதுதான் தவறு.

டாக்டரின் அறையில் கிடைக்கும் நேரம் சிறிது. நம் மக்களோ எடையைப் பற்றிப் பேசக் கூசி, முழங்கால் வலி என்று தொடங்கி, எழுந்து வரும்போது வாயிற்படியில் நின்று ஊசியைப் பற்றிக் கேட்பவர்கள். முதல் வாக்கியத்திலேயே வந்த காரியத்தைச் சொல்லிவிடுதல் நலம். உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் யாவற்றையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பெயர் நினைவில்லை, வெள்ளை மாத்திரை என்று சொல்வதால் பயனில்லை.

மாத்திரையின் பெயர் ஏன் இத்துணை முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மேற்சொன்னவர் நீரிழிவுக்காகக் கிளிமெபிரைடு உட்கொள்பவராயின், அது கணையத்தைக் கட்டாயமாகத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. புதிய ஊசியால் பசி குன்றி, காலை உணவைக் கொள்ளாது மாத்திரையை மட்டும் விழுங்கி இரயிலேறினால், நடுவழியில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். இன்சுலின் போடுவோர்க்கும் இவ்வாறே. ஊசி தொடங்கும்போது பழைய மருந்தின் அளவைக் குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நோயாளி இரயில் நேரத்தையும் உணவு நேரத்தையும் கூடச் சொல்ல வேண்டும். நெடுநாள் நீரிழிவு உடையோர்க்கு விழித்திரைப் பரிசோதனையும் முன்னதாகத் தேவை. சர்க்கரை விரைந்து குறையும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைக் கோளாறு சிலர்க்கு மிகுதல் உண்டு.

குடும்ப வரலாற்றில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. "தைராய்டு இருப்பவர்க்கு இவ்வூசி ஆகாது" என்று மக்கள் சொல்லக் கேட்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவுக்காக நாள்தோறும் மாத்திரை உண்போர்க்கு அது மட்டுமே தடையாகாது. தமக்கோ நெருங்கிய உறவினர்க்கோ மெடுல்லரி என்னும் அரிய வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தால்தான் இது விலக்கப்படுகிறது. கணைய அழற்சி வந்தவர், பித்தப்பைக் கல் உடையவர், மது அருந்துபவர் ஆகியோர் அவற்றை மறைக்கலாகாது. பெண்கள் கருத்தரிக்கும் எண்ணம் இருப்பின் அதனை முதலிலேயே சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும்போது இம்மருந்து கூடாது. செமாக்ளூடைடைக் கருத்தரிக்க முயல்வதற்கு இரு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கக்கூடும். தொடங்கிய நான்கு வாரங்களும், அளவை உயர்த்தும் ஒவ்வொரு முறை நான்கு வாரங்களும், வேறு தடுப்பு முறையையும் கைக்கொள்ளுதல் வேண்டும். இதனை மருந்துக் கடையில் எவரும் சொல்லப்போவதில்லை.

இனி நோயாளி கேட்க வேண்டியது. எவ்வளவு குறையும் என்பதையே யாவரும் கேட்கின்றனர். கேட்கப்படாத கேள்வி வேறு: "ஐயா, இதை எத்தனை காலம் போட வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்?" மேலே கூறிய 2021 சோதனையில் ஒரு பகுதியினரை மருந்து நிறுத்தியபின் ஓராண்டு கவனித்தனர். இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பி வந்துவிட்டது. இதில் நோயாளியின் மனவுறுதியைக் குறை கூற இடமில்லை. பசியை அடக்கிய பொருள் நீங்கியதும் பசி மீள்கிறது, அவ்வளவே. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போன்றதுதான் இதுவும். ஆகவே நகையை அடகு வைத்து ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்தலாம் என்னும் திட்டம், பணத்தையும் பயனையும் ஒருங்கே இழக்கச் செய்யும். செமாக்ளூடைடை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை உயர்த்தி, 2.4 வரை கொண்டு செல்வர். அளவு ஏற விலையும் ஏறலாம். எந்த அளவில் நிற்கப் போகிறோம், அவ்வளவின் விலை என்ன, அதை ஆண்டுக்கணக்கில் தாங்க இயலுமா என்ற கணக்கை முதல் ஊசிக்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு ஒவ்வாவிடில் அதையும் டாக்டரிடம் கூசாது சொல்லலாம். நீரிழிவுடையோர்க்கு மெட்ஃபார்மின் போன்ற மலிவான மாத்திரைகளும் உணவு மாற்றமும் கொண்டு அவர் வேறு வழி வகுப்பார்.

தொடங்கியவர்க்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் முதல் வாரங்களிலும் அளவு உயரும்போதும் தோன்றுதல் பொது. சிறிது சிறிதாக உண்டு, எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்தால் பெரும்பாலும் தணியும். முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி தொடர்ந்திருப்பின் அது வேறு. ஊசியை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறையும் எடையில் ஒரு பங்கு தசையும் ஆகும் என்பது பலர் அறியாதது. பசியில்லை என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்வோர்க்குத் தசை இழப்பு மிகும். பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றை முதலில் உண்டு சோற்றைப் பின்னர்க் கொள்வதும், சிறு பளுவேனும் தூக்கிப் பயில்வதும் இதற்குப் பரிகாரம். அறுவைச் சிகிச்சை நேருமாயின் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இவ்வூசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரைப்பையில் உணவு வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கியிருக்கக்கூடும்.

வாங்குவதிலும் கவனம் வேண்டும். போலிச் செமாக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. சீட்டின்றித் தெரிந்தவர் மூலம் கிடைக்கும் ஊசியை நாடாது, ரசீதும் தொகுதி எண்ணும் பெற்று வாங்குதல் வேண்டும். பயன்படுத்தாத மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. பெங்களூரில் வாங்கிக் கோரமண்டல் வரை கொண்டு வருவோர் குளிர்காப்புப் பையில் வைத்துக் கொணர்வதும், மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகுமாயின் என் செய்வது என்று கடைக்காரரிடம் முன்னரே கேட்டறிவதும் தேவை. பயன்படுத்திய ஊசிமுனைகளைக் குப்பையில் எறிந்தால் துப்புரவுத் தொழிலாளரின் கையில் குத்தும். கெட்டியான மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அடுத்த முறை டாக்டரைக் காணச் செல்லும்போது மருத்துவமனையில் ஒப்படைக்கலாம்.